அப்பா ஏன் கீழே பார்க்கவில்லை

என் மேசை இழுப்பறையில் ஒரு குறுந்தட்டு கிடக்கிறது. மேலே நீல மையில் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே 2021 மார்ச் என்று தேதி. அப்பாவின் மூளையை முதன்முதலாக எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கொடுத்தது. கூடவே வந்த அறிக்கை மொத்தமே ஐந்து வரிதான். புதிதாகப் பக்கவாதம் இல்லை, இரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை, வயதுக்கேற்ற லேசான சுருக்கம் தெரிகிறது. அன்று இரவு அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டரை வருடம் கழித்து, வேறோர் இடத்தில், வேறொரு மருத்துவர் அதே குறுந்தட்டைக் கணினியில் போட்டார். சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனவர் ஒரு படத்தில் நிறுத்தினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "இதோ, அப்போதே இருந்திருக்கிறது" என்றார்.

நடுவில் போன அந்த இரண்டரை வருடம் என்னை இன்னும் விட்டபாடில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் வந்து சேர்ந்தது. அதற்கு நான்கு வருடம் கழித்து வேலைக்குப் போனவர், 2013 வரை அதே வேலையில் இருந்தார். கப்பல்துறைக் கிரேனில் ஓட்டுநர் அறை நல்ல உயரத்தில் தொங்கும். அதன் தரை கண்ணாடி. இருக்கையில் முன்னால் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே செங்குத்தாகக் கீழே பார்த்துக்கொண்டே கொள்கலனைப் பிடிக்க வேண்டும், தூக்க வேண்டும், லாரி மேல் இறக்க வேண்டும். ஒரு ஷிஃப்ட் முழுக்க அப்படியே. வீட்டுக்கு வந்தால் அம்மா கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுவார். "உங்கப்பா வாழ்க்கையே கீழ பார்த்துதான் ஓடுது" என்பார் அம்மா.

2019 தீபாவளிக்குச் சில நாள் முன்பு அப்பா முதல் தடவை விழுந்தார். ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், எதுவும் தடுக்காமல், நின்ற இடத்திலிருந்து அப்படியே மல்லாந்து பின்பக்கமாகச் சாய்ந்தார். முன்னால் விழுபவன் கையை ஊன்றிக்கொள்வான். பின்னால் விழுபவனுக்கு அதற்கும் வழியில்லை. மரம் விழுவதுபோல் இருந்தது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமா சொன்னார். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் நாலு தடவை விழுந்தார். எல்லாமே பின்பக்கமாக.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் மின்படிக்கட்டில் மேலே போவார், கீழே இறங்க மாட்டார். லிஃப்ட் எங்கே என்று கேட்பார். சட்டையின் முன்பக்கம் எப்போதும் குழம்புக் கறை. கண் இமைப்பது குறைந்து, எதையோ பார்த்து அதிர்ந்து போனவர் மாதிரி ஒரு முகம். செருப்புக்குள் கால் நுழைக்க ஐந்து நிமிடம் ஆகும், காலால் தரையைத் துழாவிக்கொண்டே இருப்பார். அப்புறம் சாப்பாடு. தட்டில் ஒரு பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். கூட்டு அப்படியே இருக்கும், அப்பளம் அப்படியே இருக்கும். "நாப்பது வருஷமாச் சாப்பிட்ட கை, இப்பப் பிடிக்கல" என்று அம்மா என்னிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறார். அப்பாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கோவில் அன்னதானத்தில் தட்டோடு பின்னால் சாய்ந்தபோது, தூரத்துச் சொந்தம் ஒருவர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "காலையிலேயேவா?" என்று கேட்டார். குடியைத்தான் கேட்டார். அப்பா தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவர். ஆங்கில நடிகரும் பியானோ கலைஞருமான டட்லி மூருக்கும், அப்பாவுக்கு இருப்பதாகப் பிற்பாடு தெரிய வந்த பி.எஸ்.பி. என்ற இதே மூளை நோய்தான் இருந்தது, 2002-இல் காலமானார். அவரையும் ஊர் முதலில் குடிகாரர் என்றுதான் பேசியது. இதைப் பிற்பாடு படித்தபோது அந்தச் சொந்தக்காரர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுசாக இன்னும் தணியவில்லை.

2021 மார்ச்சில் குளியலறையில் விழுந்து பின்மண்டையில் தையல் போட்டபோதுதான் அந்த முதல் ஸ்கேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அப்புறம் 2022-இல் இன்னோர் இடத்தில் 'பார்க்கின்சனாக இருக்கலாம்' என்றார்கள். லெவோடோபா மாத்திரை தொடங்கி, அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அப்பாவுக்கு நடுக்கமே கிடையாது. மாத்திரையால் குமட்டல் வந்தது, நடை மாறவில்லை.

2023 செப்டம்பரில் அசைவுக் கோளாறுகளை மட்டுமே பார்க்கும் நிபுணரிடம் முறை கிடைத்தது. சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அறைக்குள் வந்ததும் ஸ்கேன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அப்பாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அங்கிள், மூன்று தடவை கை தட்டுங்கள். மூன்றே தடவை."

அப்பா தட்டினார். மூன்றில் நிற்கவில்லை. ஏழெட்டுத் தடவை தட்டி, தானாகத் தேய்ந்து நின்றது. எனக்கு அது ஏதோ குழந்தைத்தனமாகப் பட்டது. மருத்துவர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது விரல். இடம், வலம், கண் போனது, கொஞ்சம் மெதுவாக. மேலே, பாதிதான். கீழே, போகவே இல்லை. விரல் இறங்கிக்கொண்டே போகிறது, அப்பாவின் கருவிழி நேராக மருத்துவரின் முகத்திலேயே நிற்கிறது. நான் அவர் மகள், இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள், அப்போதுதான் அதைப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். "என் மூக்கையே பாருங்கள் அங்கிள், பார்வையை எடுக்காதீர்கள்" என்று சொல்லி, இரண்டு கையாலும் அப்பாவின் தலையைப் பிடித்து மெல்ல அண்ணாந்து பார்ப்பதுபோல் மேலே சாய்த்தார். தலை மேலே போகப் போக, கருவிழி கீழே வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்பு கெஞ்சினாலும் இறங்காத அதே கண்.

"பார்த்தீர்களா? கண் தசை நன்றாக இருக்கிறது. தசைக்குப் போகும் நரம்பும் நன்றாக இருக்கிறது. 'கீழே பார்' என்று மேலேயிருந்து வர வேண்டிய கட்டளைதான் வரவில்லை."

நான் தமிழில் சொன்னேன். அப்பா யோசித்தார். பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது, ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது.

"மோட்டர் நல்லா இருக்கு. கேபிள் போச்சு."

மருத்துவரிடம் அதை மொழிபெயர்த்தேன். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

நோயின் பெயர் புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி. சுருக்கமாக பி.எஸ்.பி. சூப்ராநியூக்ளியர் என்பதற்குப் பொருளே, கண்ணை அசைக்கும் நரம்பு முடிச்சுகளுக்கு மேலே இருக்கும் இடத்தில் கோளாறு என்பதுதான். அப்பா சொன்ன அதே கேபிள். டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் 1964-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேனும் கிடையாது, எம்.ஆர்.ஐ.யும் கிடையாது. உயிரோடு இருக்கும்போது கண்ணையும் கழுத்தையும் நடையையும் பார்த்தார்கள், இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். டௌ என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்துபோவதுதான் இதன் அடிப்படை என்பது பின்னால் தெரிய வந்தது. ஒரு லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. சாதாரண ஒரு கிளினிக் மருத்துவர் தன் பணிக்காலம் முழுக்க ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மருத்துவர் குறுந்தட்டைக் கேட்டார்.

மூளையின் படம் என்றால் நம் மனதில் வருவது வாதுமைப் பருப்பை மேலேயிருந்து பார்த்ததுபோல ஒன்று. அவர் திறந்தது பக்கவாட்டுப் படம். மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை தலையைச் சரிபாதியாகப் பிளந்து பார்த்த மாதிரி. நடுவில் மூளைத்தண்டு கீழே இறங்குகிறது. அதில் தொப்பை மாதிரி முன்னால் பிதுங்கியிருப்பது பான்ஸ். அதற்கு மேலே சின்னதாக உட்கார்ந்திருப்பது நடுமூளை. நல்ல மூளையில் நடுமூளையின் மேல்விளிம்பு லேசாகப் புடைத்திருக்கும். அப்பாவின் படத்தில் அது உள்ளே குழிந்து போயிருந்தது. பான்ஸ் பருமனாக அப்படியே இருக்க, நடுமூளை மட்டும் மெலிந்து கூராகியிருந்தது. பருத்த உடல், குட்டித் தலை, நீண்ட அலகு. ஹம்மிங்பேர்ட் அடையாளம் என்பார்கள். 2003-இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். பெங்குவின் என்று சொல்பவர்களும் உண்டு.

நான் தமிழாசிரியர். வகுப்பில் சொல்லுக்குச் சொல் தேடுகிறவள். ஹம்மிங்பேர்டுக்கு ரீங்காரச் சிட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே நம் தாழ்வாரத்துப் பூந்தொட்டியில் கூடு கட்டுவது தேன்சிட்டு, அது வேறு இனம். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று அந்த அறையில் உட்கார்ந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய செய்தி வரும்போது மனம் இப்படி ஒரு சின்ன வேலையைப் பிடித்துக்கொள்கிறது.

மருத்துவர் சுட்டியால் நடுமூளையைச் சுற்றிக் கோடு வரைந்தார். பக்கத்தில் எண் வந்தது, 70-க்குக் கொஞ்சம் கீழே. சதுர மில்லிமீட்டர் கணக்கு. 2005-இல் வெளிவந்த ஓர் ஜப்பானிய ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த நடுமூளைப் பரப்பு சராசரியாக 118, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 103, பி.எஸ்.பி. நோயாளிகளுக்கு 56. நம் ஐந்து காசு நாணயத்தை எடுத்துப் பாருங்கள். ஆரோக்கியமான நடுமூளையின் வெட்டுப்பரப்பு அதில் பாதிதான். மேலும் கீழும் கண்ணை ஓட்டும் கட்டுப்பாடு, நிமிர்ந்து நிற்கும் சமநிலையில் ஒரு பங்கு, இரண்டும் அந்த அரைக்காசுக்குள் அடங்கியிருக்கின்றன. அப்பாவுக்கு அதிலும் பாதி போய்க்கொண்டிருந்தது.

பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எம்.எஸ்.ஏ. என்ற இன்னொரு நோயில் நேர்மாறாக பான்ஸ் மெலிந்து, குறுக்கே வெட்டிய படத்தில் சிலுவை போட்ட ரொட்டி மாதிரி ஒரு கோடு தெரியும். ஆக, மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் படத்தில் வழி பிரிகிறது. டோபமைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு, அதை எடுக்கலாமா என்று கேட்டேன். அது டோபமைன் நரம்பு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர, பார்க்கின்சனா பி.எஸ்.பி.யா என்று பிரித்துக் காட்டாது, உங்களுக்கு வீண் செலவு என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சரி, 2021-இல் ஏன் யாரும் பார்க்கவில்லை?

இதை நான் பல இரவு கோபத்தோடு கேட்டிருக்கிறேன். பிறகு அந்தப் பழைய பரிந்துரைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். படம் எடுக்கச் சொல்லும் மருத்துவர் நிரப்பும் தாள் அது. நோயாளியின் விவரம் எழுதும் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: கீழே விழுந்தார், தலைச்சுற்றல், பக்கவாதமா? படத்தைப் படித்தவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு வரியும் சில நூறு படங்களும். பக்கவாதம் தேடுகிறவர் அதற்கென்று எடுத்த குறுக்குவெட்டுப் படங்களைத்தான் முதலில் பார்ப்பார். கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் சரி. பின்பக்கமாக விழுகிறார், கீழே பார்க்க மாட்டேன் என்கிறார், ஒன்றரை வருடமாக என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால், அவர் பக்கவாட்டுப் படத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

அதை எழுதியிருக்க வேண்டிய அவசர சிகிச்சை மருத்துவருக்கும் அது தெரியாது. ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை. மின்படிக்கட்டும் குழம்புக் கறையும் மருத்துவரிடம் சொல்கிற விஷயமா என்று இருந்துவிட்டோம். வயசாச்சு என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மூடி வைத்தோம். அதே மாதம் எடுத்த ஒரு காணொளி என் கைப்பேசியில் இருக்கிறது, அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். கேக் மேசை மேல் இருக்கிறது. எல்லோரும் பாடுகிறோம். அப்பா நேராக எங்களைப் பார்த்துக்கொண்டே, கையால் மேசைத் துணியைத் தடவித் தடவிக் கத்தியைத் தேடுகிறார். என் தம்பி மகன் எடுத்துக் கையில் கொடுக்கிறான். பதினோரு விநாடி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருபது பேர் இதயம் போட்டிருக்கிறோம்.

2023-இல் அந்தக் காணொளியைக் காட்டியபோது மருத்துவர் மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தார். ஸ்கேனுக்குக் கொடுத்ததைவிட அதிக நேரம் அதற்குக் கொடுத்தார்.

அதனால் யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது இதுதான். வீட்டுப் பெரியவர் விழுந்தால், எந்தப் பக்கமாக விழுந்தார் என்று எழுதி வையுங்கள். படி இறங்குவதை, சாப்பிடுவதை, செருப்புப் போடுவதைக் காணொளி எடுங்கள். முகம் தெரிய, கண் தெரிய எடுங்கள். ஸ்கேனுக்கு எழுதும்போது இதையும் எழுதுவீர்களா டாக்டர் என்று கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். படம் எடுத்து முடிந்ததும் குறுந்தட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கை ஒன்றுமில்லை என்று சொன்னாலும்.

முன்பே தெரிந்திருந்தால் நோய் நின்றிருக்குமா என்றால், இல்லை. நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வேலை செய்யாத மாத்திரையில் ஒரு வருடக் குமட்டல் மிச்சமாகியிருக்கும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி முன்பே போட்டிருப்போம். முதியோர் வீடுகளுக்கான ஈஸ் திட்டத்தில் அரசாங்க உதவியோடு வீட்டுக்கே வந்து போட்டுத் தருகிறார்கள், நாங்கள் போட்டது தையலுக்கும் இரண்டு வருடம் கழித்து. விழுங்கும் பயிற்சி முன்பே தொடங்கியிருக்கும். இந்த நோயில் உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவதுதான் பெரிய பயம். அப்புறம் அம்மா அவ்வளவு அழுதிருக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் இரண்டாவது எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இந்தத் தடவை 3 டெஸ்லா இயந்திரம். பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறக்குறைய அறுபதாயிரம் மடங்கு. இயந்திரம் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அணைத்து வைக்கிற பழக்கமே கிடையாது. அதனால் வாசலிலேயே நகை, சாவி, பல்செட் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அப்பாவின் இடுப்பில் வெள்ளி அரைஞாண். கழற்றவே வராது, சின்ன வயதிலிருந்து மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வருவது. நான் குனிந்து கொக்கியோடு போராடியபோது அப்பா என் தலை உச்சியில் கை வைத்துக்கொண்டார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

படமெடுத்த பெண் மலாய்க்காரர், பொறுமைசாலி. பி.எஸ்.பி. வந்தவர்களுக்குக் கழுத்து விறைத்துப் பின்னால் வளைந்துகொள்ளும், படமெடுக்கத் தலையைச் சுற்றி மாட்டும் கூண்டுக்குள் தலை சரியாக உட்காராது. ஒவ்வொரு பஞ்சணையாகச் செருகி, தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தலையை நேராக்க அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நடுக்கோட்டுப் படம் நடுவில் விழாது, நடுமூளையின் அளவு மாறித் தெரியும் என்றார். இந்த முறை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் முப்பரிமாணமாக எடுத்தார்கள். எப்படிச் சாய்ந்திருந்தாலும் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாமாம். அப்பாவின் கையில் அழுத்தும் பந்தைக் கொடுத்து, "அங்கிள், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் உடனே அமுக்குங்கள்" என்றார். பரிந்துரைச் சீட்டில் விழுங்கும் சிரமம் என்று நான் எழுதச் சொன்னதைப் படித்திருக்கிறார்.

சத்தத்தைப் பற்றி அப்பாவிடம் வெளியே வந்ததும் கேட்டேன். "உருமி" என்றார் ஒரே சொல்லில். தைப்பூசத்துக்குக் காவடிக்கு முன்னால் அடிக்கும் உருமி. ஆறு தைப்பூசம் அவர் போகாமல் கழிந்திருந்தது.

புதிய படத்தில் அலகு இன்னும் கூராகியிருந்தது. எண் 58. அதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

இந்த அடையாளம் தெரிந்தால் பெரும்பாலும் தவறாகப் போவதில்லை. ஆனால் தெரியாமலிருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. தொடக்கத்தில் பலருக்கு அது தெரிவதே இல்லை. 2017-இல் உலக நிபுணர்கள் சேர்ந்து வகுத்த நோயறியும் முறையிலும் கண், நிலை தவறுதல், அசைவு மந்தம், சிந்தனை ஆகியவைதான் முதல் வரிசை. எம்.ஆர்.ஐ.க்குத் துணைச்சாட்சியின் இடம்தான். டௌ புரதத்தையே நேரடியாகப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் மருந்துகள் வந்திருக்கின்றன. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அல்சைமருக்கானது. பி.எஸ்.பி.யில் சேரும் டௌ வேறு வகை, அதில் அந்த மருந்து சரியாக ஒட்டுவதில்லை. இதற்கென்று வேறு மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு விழுக்காடு உறுதி என்பது இன்றும் 1964-இல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, இறந்த பிறகு நுண்ணோக்கிக்குக் கீழே.

பிரெயின் பேங்க் சிங்கப்பூர் 2019-இல் தொடங்கப்பட்டது. இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுக்க உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைக்கலாம். விவரத்தை நான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நான் படித்து முடிக்கும்வரை அசையாமல் கேட்டவர், கட்டைவிரலை உயர்த்தினார். தன் பெயரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டினார், எறும்பு அளவு எழுத்தில். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. முழுசா அனுப்பணும் பாப்பா என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

இதையெல்லாம் நினைத்தால் எனக்கு முதலில் வருவது 2023 செப்டம்பரில் மருத்துவரைப் பார்த்த அந்த நாளின் இரவும் மறுநாள் காலையும்தான். அம்மா எங்களோடு வரவில்லை, முட்டி வலி. இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து, மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் நான் ஒரு பறவையை வரைந்தேன்.

"தலைக்குள்ள குருவியா?" என்றார் அம்மா.

மூளை அந்த வடிவத்தில் தெரிகிறது என்றேன். இது பான்ஸ், இது நடுமூளை, இது மெலிந்துபோய்விட்டது.

அம்மா அலகின் மேல் விரலை வைத்தார். "இந்த எடத்துலதான் கீழ பார்க்கிற வேலையா?"

"ஆமாம்மா."

"அப்ப அவருக்குத் தட்டே தெரியலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, உறையை மடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கேயே தங்கியிருந்தேன். எழுந்து வந்தபோது அம்மா பழைய கோங் குவான் பிஸ்கட் டின்னைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து, மேசை மேல் அப்பாவுக்கு எதிரே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கிட்டே என்று நகர்த்தி, அப்பாவின் பின்னால் போய்க் குனிந்து அவர் கண் மட்டத்துக்குத் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். டின்னுக்கு அடியில் தொலைபேசிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து இன்னும் உயர்த்தினார். அதன் மேல் தட்டை வைத்தார். நாலு இட்லி.

அப்பா தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தக்காளிச் சட்னியும் வச்சிருக்கியா?"

"மூணு வருஷமா வைக்கிறேன்" என்றார் அம்மா.